பழுதின் கதையைச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இராணுவத்தில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்துவிட்டு வெளியே வந்தவன் நான். ரேடியோ செட், ரேடார், அவற்றுக்கு மின்சாரம் தரும் பெட்டிகள் ஆகியவற்றோடுதான் என் இளமை கழிந்தது. சீருடையைக் கழற்றிய பிறகு முதலில் ஒரு தொழிற்சாலையிலும், பின்னர் மருத்துவக் கருவிகளிலும் வேலை செய்தேன். இதே வழியில் வெளியே வருகிறவர்கள் என்னைத் தேடி வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நான் பார்த்த கருவி வெளியில் எங்குமே இல்லையே, என் அனுபவத்துக்கு இனி என்ன மதிப்பு?" கேட்கும்போது அவர்கள் குரலில் இருக்கும் கலக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் எனக்கும் அது இருந்தது.

என் முதல் நேர்காணலுக்குப் போனபோது பதவியின் பெயர், பிரிவின் பெயர், கருவிகளின் எண்கள் என்று வரிசையாக ஒப்பித்தேன். எதிரே இருந்த மூவரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் அவர்களில் மூத்தவர் என் விண்ணப்பத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "உங்களை மிகவும் அலைக்கழித்த பழுது ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார்.

நான் ஒரு வாகன ரேடியோவைப் பற்றிச் சொன்னேன். அதில் எதிர்முனையின் குரல் தெளிவாகக் கேட்கும். நாம் பேசுவதற்காகப் பொத்தானை அழுத்தினால், செட் அணைந்து மறுபடி உயிர் பெறும். எனக்கு முன்னால் பார்த்தவர்கள் இரண்டு முறை செட்டையே மாற்றியிருந்தார்கள். பழுது போகவில்லை. வண்டியின் உடலையும் பேட்டரியையும் இணைக்கும் தரைக்கம்பியில் எனக்குச் சந்தேகம் வந்தது. மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்தேன், ஏறக்குறைய பூஜ்யம். கம்பி நன்றாக இருக்கிறது என்று மீட்டர் சொன்னது. மனம் ஒப்பவில்லை. மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, கம்பியின் இரு முனைகளிலும் வைத்துக்கொண்டு, நண்பனைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்திய நொடியில் பல வோல்ட் அந்தக் கம்பியிலேயே இறங்கியது. உறையை வெட்டிப் பார்த்தால், உள்ளே இழைகளெல்லாம் அரித்துப்போய் நாலைந்து மட்டும் மிஞ்சியிருந்தன. கேட்பதற்கு வேண்டிய சிறு மின்னோட்டத்துக்கு அவை போதும். பேசும்போது டிரான்ஸ்மிட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை அவற்றால் தாங்க முடியவில்லை. மீட்டர் முதலில் காட்டியதும் உண்மைதான். சுமை ஏற்றாதபோது எடுத்த உண்மை அது.

அதன்பிறகு அந்த அறையில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர்களுடைய தொழிற்சாலையில் ஒரு மோட்டார் காலையில் மட்டும் நின்றுபோகிறது என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். வேலை கிடைத்தது.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எந்தக் கருவி, எந்தப் பிரிவு என்பதை வெளியுலகம் கேட்காது, கேட்டாலும் புரியாது. ஒரு பழுதை எப்படிப் பிடித்தீர்கள் என்பது எல்லாத் தொழில்நுட்பருக்கும் புரியும். பழகிய கருவிகளை முகாமிலேயே விட்டுவிட்டு வருகிறோம். பழுதைத் தேடும் ஒழுங்கு நம்மோடு வருகிறது. அந்த ஒழுங்குதான் நம் சொத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அது என்ன ஒழுங்கு? நேயர்களில் இந்தத் தொழில் தெரியாதவர்களும் இருப்பீர்கள், அதனால் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கருவியில் சமிக்ஞை 16 கட்டங்களை வரிசையாகக் கடந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒன்றும் வரவில்லை. பழகாதவர் முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். பயிற்சி பெற்றவர் நேராக நடுவில் அளப்பார். அங்கே சமிக்ஞை இருந்தால் முன்பாதி நலம், பழுது பின்பாதியில். மிஞ்சிய எட்டின் நடுவில் மறுபடி அளப்பார். நான்கே அளவைகளில் பழுதான கட்டம் அகப்பட்டுவிடும். இந்த முறைக்கு ரேடார் என்றும் தெரியாது, மின்தூக்கி என்றும் தெரியாது. சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் எதற்கும் பொருந்தும்.

சில இடங்களில் முறை மட்டுமல்லாமல் கருவியின் உறுப்புகளும் நமக்குப் பழக்கமானவையாகவே இருக்கின்றன. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் நேரியல் முடுக்கியைச் சொல்கிறேன். 1940-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இருவர் ஆற்றல் மிக்க நுண்ணலைகளைத் தரும் ஒரு வகை மேக்னட்ரானை உருவாக்கினார்கள். போர்க்கால ரேடாரின் இதயமாக அது இருந்தது. 1953-இல் இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் நேரியல் முடுக்கியைக் கொண்டு முதல் நோயாளிக்குச் சிகிச்சை தந்தபோது, அதன் பின்னே நின்றது போரில் வளர்ந்த இந்த நுண்ணலைத் தொழில்நுட்பம்தான். இன்றைய முடுக்கிகளிலும் மேக்னட்ரானோ அல்லது நுண்ணலை ஆற்றல் தரும் மற்றொரு கருவியான கிளைஸ்ட்ரானோ இருக்கிறது. அதற்கு உயர் மின்னழுத்தத் துடிப்புகளை ஊட்டும் மாடுலேட்டர் இருக்கிறது. நுண்ணலையைக் கொண்டுபோகும் செவ்வக உலோகக் குழாய் இருக்கிறது. உள்ளே மின்பொறி பாயாமலிருக்க அதில் அழுத்தத்தோடு வாயுவை அடைத்திருக்கிறார்கள். ரேடாரில் அந்த அலை வானத்துக்குப் போகும். இங்கே அது எலெக்ட்ரான்களை உந்தித் தள்ளுகிறது. அவை உலோகத்தில் மோதி எக்ஸ் கதிர்களை உண்டாக்குகின்றன. ரேடார் பெட்டிக்குள் வருடக்கணக்கில் கைவிட்டுப் பழகியவர், இந்த இயந்திரத்தின் கதவைத் திறந்தால் தெரிந்த முகங்களைப் பார்ப்பார். எனக்கு அந்த அனுபவம் நேர்ந்த நாளை என்னால் மறக்கவே முடியாது. அத்தனை ஆண்டுகள் எதிரியைத் தேடப் பயன்பட்ட கைப்பழக்கம், பக்கத்து அறையில் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் ஒரு தாய்க்குப் பயன்படப் போகிறது என்ற எண்ணம் வந்ததும் சற்று நேரம் வேலை ஓடவில்லை.

சிப் தயாரிக்கும் ஆலைகளும் அப்படித்தான். அங்கே பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவை, உண்டாக்க 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை ஆற்றலைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அனுப்பிய ஆற்றல் உள்ளே போகாமல் திரும்பி வந்தால் என்ன கெடும் என்பது டிரான்ஸ்மிட்டர் பார்த்தவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டக்ளஸ் எங்கெல்பர்ட்டின் பெயரையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் ரேடார் தொழில்நுட்பராக இருந்தவர் அவர். ரேடார் திரையில் படம் காட்ட முடியுமானால் கணினியும் திரையில் காட்டலாமே என்று எண்ணினார். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி, கணினி மவுஸை உலகுக்குக் காட்டியவர் அவரே.

இனி, வெளியே வருகிறவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவும் பேச வேண்டும்.

இராணுவத்தில் பழுது பார்ப்பதில் படிகள் உண்டு. களத்தில் இருப்பவர் பழுதான பெட்டியைக் கழற்றி நல்ல பெட்டியை மாட்டுவார். பணிமனையில் இருப்பவர் அந்தப் பெட்டியைத் திறந்து, கெட்ட மின்தேக்கியையோ டிரான்சிஸ்டரையோ மாற்றுவார். இரண்டும் மதிப்புள்ள வேலை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதல் வகை வாடிக்கையாளரின் இடத்துக்கே போய்ப் பார்க்கும் வேலைக்குப் பொருந்தும். இரண்டாவது, பணிமனை மேசையில் கருவியைத் திறந்து பார்க்கும் வேலைக்கும், அளக்கும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் அளவுத்திருத்த ஆய்வகத்துக்கும் பொருந்தும். தான் எந்த வகை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெட்டி மாற்றியவர் சர்க்கியூட் வரை பார்த்தேன் என்று சொன்னால், முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, "இதைச் சரிசெய்வது தகுமா?" என்ற கேள்வி. முகாமில் கருவி இயங்கியாக வேண்டும், அவ்வளவுதான். வெளியே உங்கள் மணிக்கணக்குக்கும் விலை உண்டு. மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பலகையைச் சரிசெய்தால், புதுப்பலகை அதைவிட மலிவு என்று சொல்வார்கள். இது எனக்கு மிகவும் வலித்தது. பிறகுதான் புரிந்தது, எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் தொழிலின் ஒரு பகுதி என்று.

புதிதாகக் கற்க வேண்டியவையும் உண்டு. தொழிற்சாலை உணர்விகள் 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான மின்னோட்டத்தில் பேசும். ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கம்பி அறுந்தால்தான் பூஜ்யம் வரும். ஆகவே அளவு குறைந்ததா, கம்பி அறுந்ததா என்று உடனே பிரித்தறியலாம். எவ்வளவு அழகான யோசனை! இவற்றோடு, இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி என்ற தொழிற்சாலைக் கணினி, கணினி வலையமைப்பு ஆகிய இரண்டையும் படிக்காமல் இன்று தொழிற்சாலைக்குள் போக வேண்டாம். மருத்துவக் கருவியென்றால், பழுது நீக்கியபின் கசிவு மின்னோட்டத்தைச் சோதிக்க ஐஇசி 62353 என்ற தரநிலை இருக்கிறது. விமானத் துறையில் உங்கள் அனுபவம் எவ்வளவு நீண்டதானாலும் பொதுவாகச் சிவில் உரிமம் தனியாக எடுக்க வேண்டியிருக்கும். விடுபடுவதற்கு முன்பே அதை விசாரித்து வையுங்கள்.

அளக்கும் கருவியின் மேல் ஒட்டியிருக்கும் அளவுத்திருத்தச் சீட்டில் தேதி தாண்டியிருந்தால் அதைக் கையால் தொடமாட்டோம் அல்லவா? செய்த வேலையை எழுதிக் கையொப்பமிடாமல் நகரமாட்டோம் அல்லவா? நமக்கு இது மூச்சுவிடுவதுபோல ஆகிவிட்டதால் விண்ணப்பத்தில் குறிப்பிடுவதே இல்லை. ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலையின்படி நடக்கும் ஆய்வகங்கள் இந்தப் பழக்கத்தை அடிப்படையாகக் கேட்கின்றன. தயவுசெய்து எழுதுங்கள்.

உங்களைவிட இருபது வயது இளையவர் உங்களுக்கு மேலதிகாரியாக இருக்கலாம். அவருக்கு உங்கள் பழைய பதவியின் பொருள் தெரியாது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்து மனம் புண்பட்டவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். திறமையில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர் அவர்கள். அவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் நேயர்கள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். முன்னாள் படைவீரர் ஒருவர் உங்கள் முன் வந்து உட்கார்ந்தால், அன்று அந்த மூத்தவர் என்னிடம் கேட்டதைக் கேளுங்கள். அவருடைய பழுதின் கதையைக் கேளுங்கள்.

பணியில் இருப்பவர்களே, உங்கள் பழுதுப் பதிவேடு முகாமிலேயே தங்கிவிடும், அதுதான் முறையும்கூட. கருவியின் பெயர், அலைவரிசை, எத்தனை தூரம் எட்டும், எங்கே வைத்திருந்தார்கள் என்பவையெல்லாம் இரகசியம். அவை உங்கள் வாயிலிருந்து என்றும் வரக்கூடாது. ஆனால் அவை இல்லாமலே ஒரு பழுதைச் சொல்ல முடியும். சற்றுமுன் நான் சொன்ன தரைக்கம்பிக் கதையில் அப்படி ஏதேனும் வெளிப்பட்டதா? அதேபோல, என்ன குறை தெரிந்தது, முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், எங்கே அளந்தீர்கள், கடைசியில் கெட்டிருந்தது எது, இவ்வளவும் நினைவில் பசுமையாக இருக்கும்போதே சொந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதியதை உங்கள் அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் மூன்று பழுதுகள். இன்று இரவே ஒன்று.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.