இத்தனை நிறுவனம் எதுக்கு? ஏற்காட்டிலிருந்து ஒரு சந்தேகம்

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், காவி (தடுப்பூசிக் கூட்டணி), யு.என்.டி.பி. (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்)னு ஆளாளுக்கு ஒரு பேரு. எல்லாரும் தடுப்பூசிக்காக ஒண்ணா வேலை செய்யறாங்கங்கறீங்க. எங்க மலைக்கு அதுல என்னங்க வருது?" குத்தலான கேள்விதான், ஆனா நியாயமான கேள்வி.

பணம்னு பாத்தா, நம்ம தடுப்பூசியை வாங்கறது பெரும்பாலும் இந்திய அரசு. 2019-ல 12 நிறுவனங்க சேர்ந்து, நாடுகளோட சுகாதார இலக்குக்குக் கைகோத்து உதவறதுன்னு செயல்திட்டம் போட்டாங்க. அதைப் படிச்சா தூக்கம் வரும். குப்பியைக் கையில எடுங்க, புரியும். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில வட்டத்துக்குள்ள ஒரு சதுரம் இருக்கே, சூடு பட்டா வெள்ளையிலிருந்து கறுக்கற அடையாளம், வி.வி.எம்.னு பேரு, அது 1996-ல வந்தது. உலக சுகாதார நிறுவனம் விதி எழுதுச்சு. அது ஒட்டியிருந்தாத்தான் வாங்குவோம்னு யுனிசெஃப் டெண்டர்ல போட்டுச்சு. தயாரிக்கறவங்க ஒட்டித்தானே ஆகணும்? ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசி வெக்கற குளிர்பெட்டியோட (ஐ.எல்.ஆர்.) இருப்பும் வெப்பநிலையும் செல்போன்ல தெரியற ஈவின் ஏற்பாடு இருக்கே, அதுவும் அப்படித்தான்: காவி நிதி, யு.என்.டி.பி. வேலை, நம்ம அமைச்சகத்துத் திட்டம்.

ஆனா தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. அந்தச் சதுரம் எதைக் காட்டாது? சூடு பட்டதை மட்டும்தான் காட்டும். உறைஞ்சதைக் காட்டாது. பென்டா (அஞ்சு நோய்க்குச் சேர்த்துப் போடற ஊசி), ஹெபடைடிஸ் பி, டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா ஊசி) இதுலெல்லாம் அலுமினிய உப்பு இருக்கு. உறைஞ்சா திரிஞ்சு கட்டிபிடிக்கும், உருகினாலும் பழைய வீரியம் வராது. சதுரம் மட்டும் வெள்ளையா சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

உறைய வெக்கறது ஏற்காட்டுக் குளிர் இல்லீங்க, ஐஸ் பேக். புதன்கிழமை காலையில தடுப்பூசி வண்டி நிக்குது, 20 கொண்டை ஊசி வளைவு ஏறணும்னு அவசரம். டீப் ஃப்ரீசர்ல இருந்து எடுத்த நாலு பேக்கை அப்படியே தடுப்பூசி எடுத்துட்டுப் போற கேரியர்ல அடுக்கினா, ஒட்டி நிக்கற குப்பி உறைஞ்சுடும். பேக்கை வெளியே வெச்சு, மேல வேர்த்து, குலுக்கினா உள்ள தண்ணி களக்னு கேக்கற வரைக்கும் பொறுக்கணும். சேலத்து வெயில்ல சீக்கிரம் ஆகும். மலை மேல மார்கழியில ரொம்ப நேரம் இழுக்கும். கடிகாரத்தை நம்பாதீங்க, காதை நம்புங்க.

குப்பி உறைஞ்சிருக்குமோன்னு சந்தேகம் வந்தா குலுக்கல் சோதனை. அதே பேட்ச் குப்பி ஒண்ணை வேணும்னே உறைய வெச்சு உருக்குங்க. அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, பக்கத்துல பக்கத்துல வெச்சு அரை மணி நேரம் பாருங்க. சந்தேகக் குப்பியில வண்டல் அதே வேகத்துலயோ அதைவிட வேகமாவோ இறங்கினா தள்ளிடுங்க. உறைய வெச்ச குப்பி மேல "போடாதே"ன்னு முதல்லயே எழுதிடுங்க, இல்லேன்னா அவசரத்துல அதுவே கேரியருக்குள்ள போயிடும்.