ஜூரி அறையில் பேசியது

நேயர்களுக்கு வணக்கம். குற்றவியல் மேல்முறையீடு என்று யாராவது வந்தால் நாங்கள் முதலில் கேட்பது தீர்ப்பின் நகலைத்தான். நீதிபதி எந்தச் சாட்சியை நம்பினார், எதை ஏன் தள்ளினார் என்று அதில் எழுதியிருக்கும். வரி வரியாகப் படித்துத் தவறைக் காட்டலாம். ஜூரி தீர்ப்பில் அதற்கு வழியில்லை. ஜூரி என்பது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு குழு. அவர்கள் ஓர் அறைக்குள் போய்க் கலந்து பேசுவார்கள், வெளியே வந்து குற்றவாளி என்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் மேல்முறையீட்டில் வக்கீல்கள் நீதிபதி ஜூரிக்குச் சொன்ன அறிவுறுத்தலைத் துருவுவார்கள். நம் நாட்டிலும் அப்படித்தான் இருந்தது. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் ஜூரி 8-க்கு 1 என்று குற்றமில்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே பார்த்தால் அவருடைய அறிவுறுத்தலிலேயே ஓட்டை. தற்செயலாகத் துப்பாக்கி வெடித்தது என்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் எதிரியுடையதே என்று ஜூரிக்கு அவர் சொல்லவில்லை.

சரி, அறிவுறுத்தலில் தவறென்றால் பதிவைக் காட்டி வாதிடலாம். ஜூரரின் மனதிலேயே கோணல் இருந்தால்?

அமெரிக்காவின் கொலராடோவில் நடந்தது இது. குதிரைப் பந்தய மைதானக் கழிப்பறையில் இரண்டு சிறுமிகளிடம் தவறாக நடந்தார் என்று ஒருவர் மீது வழக்கு. ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போதே, நியாயமாக முடிவெடுக்கத் தடையாக ஏதாவது உண்டா என்று எழுத்திலும் நேரிலும் கேட்டார்கள். யாரும் உண்டு என்று சொல்லவில்லை. விசாரணை முடிந்து, சில குற்றங்களில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. மற்றவர்கள் கிளம்பிய பிறகு இரண்டு ஜூரர்கள் மட்டும் தங்கி, எதிரியின் வக்கீலிடம் தனியாகப் பேசினார்கள்.

ஜூரியில் முன்னாள் காவல்துறைக்காரர் ஒருவர் இருந்தார். அந்த ஆள் மெக்சிகோக்காரன், அதனால்தான் செய்திருப்பான் என்று அறைக்குள் சொல்லியிருக்கிறார். தன் பழைய வேலை அனுபவத்தையும் துணைக்கு இழுத்திருக்கிறார். சம்பவ நேரத்தில் எதிரி என்னோடு இருந்தார் என்று சாட்சி சொன்னவரை, சட்டவிரோதமாக வந்த ஆள், நம்ப முடியாது என்றாராம். அந்தச் சாட்சியோ, தான் சட்டப்படி குடியிருப்பவன் என்று கூண்டில் சொன்னவர்!

ஆனாலும் கீழ் நீதிமன்றங்கள் கதவைத் திறக்கவில்லை. ஜூரி அறைக்குள் பேசியதை ஜூரரே வந்து சொன்னாலும் ஏற்கக் கூடாது என்பது 1785-ல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு வகுத்த வழி. தீர்ப்புக்குப் பிறகு ஜூரர்களைத் தோற்றவர்கள் துரத்தக் கூடாது, உள்ளே மனம் விட்டுப் பேச வேண்டும் என்பது காரணம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1987-ல் ஜூரர்கள் விசாரணையின்போது குடித்தார்கள், போதைப்பொருள் எடுத்தார்கள் என்று சொல்லப்பட்ட வழக்கில்கூட அமெரிக்க உச்ச நீதிமன்றம் அசையவில்லை.

2017 மார்ச் 6 அன்று அசைந்தது. அந்தக் கொலராடோ வழக்கில்தான், பெனா-ரோட்ரிகெஸ் வழக்கு என்பது அதன் பெயர், 5-க்கு 3 என்ற தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி கென்னடி. இனத்தை வைத்துத்தான் ஒருவரைக் குற்றவாளி ஆக்கினேன் என்று ஜூரர் வாயாலேயே தெளிவாகக் காட்டினால், நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தைப் பார்க்கலாம் என்றார்.

அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடு. ஆனால் அது வாய்விட்டுச் சொன்னவரைத்தான் பிடிக்கும். மனதிற்குள் அதையே நினைத்து, பேசாமல் கை தூக்கியவரைத் தொடாது. அதனால் தேர்வு நேரத்திலேயே ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்க வேண்டும் என்பேன். கூட்டத்தில் வைத்து உங்களுக்குப் பாரபட்சம் உண்டா என்றால் யார் ஆம் என்பார்கள்? அந்த முன்னாள் காவல்துறைக்காரர் தன்னிடம் இருந்ததைப் பாரபட்சம் என்றே நினைத்திருக்க மாட்டார். அனுபவம் என்றுதான் நினைத்திருப்பார்.