600 லிட்டர்ல 1000 கிலோமீட்டர்: குரூப் சி ரேஸ் எழுந்ததும் படுத்ததும்

(திரையில்: சில்வர்ஸ்டோன், 1982)

வணக்கம் மக்களே. 1982ல இங்கிலாந்து சில்வர்ஸ்டோன் டிராக்ல 6 மணி நேர ரேஸ். போர்ஷேவோட புத்தம்புது 956 கார், ஓட்டுறது ஜாக்கி இக்ஸும் டெரெக் பெல்லும், ரெண்டு பேருமே ஜாம்பவானுங்க, ஆனா வண்டிய அமுக்கி ஓட்ட முடியல. ரிப்பேர்லாம் இல்லைங்க, பெட்ரோல் பத்தாது! புது ரூல் 1000 கிலோமீட்டருக்கு 600 லிட்டர்னு கணக்கு போட்டுக் குடுத்திருக்கு, 6 மணி நேரத்துலயோ 1100க்கு மேல ஓடணும். பழைய ரூல்ல வந்த இத்தாலி கார் லான்சியாவுக்கு இந்தக் கட்டுப்பாடே கிடையாது, அது ஜாலியா ஜெயிச்சுட்டுப் போயிருச்சு, போர்ஷே ரெண்டாவது.

இந்த ரூலுக்குப் பேரு தான் குரூப் சி.

கொஞ்சம் பின்னாடி போவோம். இந்த ரேஸ் சேர்ந்த வேர்ல்ட் ஸ்போர்ட்ஸ்கார் சாம்பியன்ஷிப் 1953ல ஆரம்பிச்சது, முதல் ரேஸ் அமெரிக்காவுல செப்ரிங், முதல் சாம்பியன் ஃபெராரி. 1955ல பிரான்ஸ்ல நடக்குற 24 மணி நேர ரேஸான லெ மான்ஸ்ல ஒரு மெர்சிடிஸ் பறந்துபோய் கூட்டத்துக்குள்ள விழுந்து 80 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அந்த வருஷக் கடைசியில பட்டத்தையும் வாங்கிட்டு மெர்சிடிஸ் ரேஸ விட்டே ஒதுங்கிருச்சு. அப்புறம் சில வருஷத்துக்கு ஒருக்கா ரூல மாத்திக்கிட்டே இருந்தாங்க, எல்லாத்தயும் சொன்னா விடிஞ்சிரும்.

(திரையில்: 956ன் அடிப்பாகம்)

குரூப் சியில என்ன அழகுன்னா, இன்ஜின் எவ்வளவு பெருசு, டர்போ (காத்த அமுக்கி உள்ள தள்ளி பவர ஏத்துறது) இருக்கா இல்லையான்னு யாரும் கேக்கல. எது வேணா வச்சுக்கோ, பெட்ரோல் இவ்வளவு தான், டேங்க் 100 லிட்டர் தான். அதனால நேர் ரோடு முடியறதுக்கு முன்னாடியே கால எடுத்து வண்டிய உருள விட்டு மிச்சம் பிடிக்கிற டிரைவர் தான் கில்லாடி. 956க்கு அடியில காத்து போற வழிய செதுக்கி, காத்தே வண்டிய ரோட்டோட ஒட்டிவைக்கிற மாதிரி பண்ணியிருந்தாங்க. சில்வர்ஸ்டோன் முடிஞ்ச அடுத்த மாசமே லெ மான்ஸ், 1, 2, 3ம் நம்பர் போட்ட மூணு 956ம் அதே வரிசையில 1, 2, 3ன்னு வந்து நின்னுச்சு. செம திமிரு! 1983ல போர்ஷே டிரைவர் ஸ்டீஃபன் பெலோஃப் ஜெர்மனியோட நூர்பர்க்ரிங் டிராக்ல 6 நிமிஷம் 11 செகண்ட்ல ஒரு ரவுண்ட் அடிச்சார், அத உடைக்க 2018 வரைக்கும் ஆச்சு. பாவம் மனுஷன், 1985ல பெல்ஜியத்தோட ஸ்பா டிராக்ல இதே ரேஸ் வண்டியில போய்ச் சேர்ந்துட்டார்.

போர்ஷே அந்தக் கார தனியார் டீமுக்கும் வித்தது, ரேஸ் ஆரம்பிக்கிற வரிசை நிறைஞ்சுச்சு. அப்புறம் ஜாகுவார், மெர்சிடிஸ், டொயோட்டா, நிஸான், மாஸ்டான்னு எல்லாரும் வந்தாங்க.

நல்லாப் போயிட்டிருந்தத ஏன் தொடணும்? தொட்டாங்களே. இனிமே ஃபார்முலா ஒன் மாதிரியே 3.5 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது, பெட்ரோல் கட்டுப்பாடும் இல்ல. ரேஸையும் சுருக்கிட்டாங்க. கம்பெனிங்கள ஃபார்முலா ஒன்னுக்கு இழுக்கத்தான் இந்த வேலைன்னு அப்பவே பேச்சு, எனக்கும் அப்படித்தான் தோணுது. 1991ல பழைய வண்டிகளுக்கு எடைய ஏத்தினாங்க, மெர்சிடிஸும் ஜாகுவாரும் லெ மான்ஸ்ல 1000 கிலோவ சுமந்து ஓடினப்போ மாஸ்டா மட்டும் எப்படியோ பேசி 830 கிலோவுக்கு அனுமதி வாங்கி, ரோட்டரி இன்ஜின (பிஸ்டனுக்குப் பதிலா முக்கோணம் சுத்துற இன்ஜின்) வச்சு ஜெயிச்சிருச்சு, அந்த அலறல் சத்தம் யூட்யூப்ல இருக்கு, ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

ஆனா புது இன்ஜினுக்கு ஆகுற காசு சின்ன டீமுங்களால முடியல. மெர்சிடிஸ், ஜாகுவார் அந்த வருஷத்தோட ரேஸ விட்டு விலகிட்டாங்க. 1992 லெ மான்ஸ்ல கிளம்பினதே 28 வண்டி தான். பெஜோ சாம்பியன் ஆச்சு, 1993 சீசனையே ரத்து பண்ணிட்டாங்க.

லெ மான்ஸ் மட்டும் தனியா ஓடிட்டிருந்துச்சு, உலக சாம்பியன்ஷிப்பு திரும்பி வர 2012 ஆச்சு, அதான் இப்ப இருக்குற டபிள்யூஇசி, அதாவது வேர்ல்ட் எண்டுரன்ஸ் சாம்பியன்ஷிப். இப்போ அதோட பெரிய கிளாஸான ஹைப்பர்கார் ரூல்ல பவருக்கே உச்சவரம்பு வச்சிருக்காங்க, செலவு கொஞ்சம் கட்டுக்குள்ள நிக்குது. 50 வருஷம் கம்பெனி டீமா பெரிய கிளாஸ் பக்கமே வராத ஃபெராரி 2023ல வந்து, வந்த முதல் தடவையே லெ மான்ஸ ஜெயிச்சது.