பதினாலு வயசுக்கு மேல யாரு பொறுப்பு?

எல்லாருக்கும் வணக்கம். காலையில முதல் பஸ்ஸப் புடிச்சு வந்திருக்குற சென்டர் அக்காமாருக்கும் தம்பிமாருக்கும் தனியா ஒரு வணக்கம். இளைஞர் மேம்பாட்டுல தொண்டு நிறுவனங்களோட தலைமைன்னு எனக்குத் தலைப்பு குடுத்திருக்காங்க. நான் ஒரு பொண்ணப் பத்தி முதல்ல சொல்லிடுறேன், அங்க இருந்து போவோம்.

வேடசந்தூர் பக்கத்துல ஒரு கிராமத்துல பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குற சாயங்கால சென்டர் நாங்க நடத்திட்டு இருந்தோம். அந்தப் பொண்ணு அஞ்சாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் ஒரு நாள் விடாம வரும், கணக்குல கெட்டி, சின்னப் பிள்ளைங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குறதே அதுதான். எட்டாவது முடிச்சதும் ஃபண்டு குடுத்தவங்களுக்கு ரிப்போர்ட் எழுதினோம், அது பேருக்கு நேரா "நிறைவு"ன்னு நான்தான் என் கையால எழுதினேன். ஒன்பதாவது பாதியில ஸ்கூல விட்டு நின்னு, நூல் மில்லு வேலைக்கு ஆள் கூட்டிட்டுப் போற வேன்ல ஏறிடுச்சு. மூணு மாசம் கழிச்சுதான் எங்களுக்கே தெரிய வந்துச்சு, ஏன்னா அதுக்குள்ள எங்க நோட்டுல அது பேரு இல்ல. அந்த ரிப்போர்ட்ட நினைச்சா இன்னைக்கும் மனசு உறுத்துது.

அப்புறம் உக்காந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுச்சு, நோட்டுல இருந்து பேர எடுத்தது நாங்க மட்டும் இல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்துச்சு, 6 வயசுல இருந்து 14 வரைக்கும்தான், எட்டாவதோட முடிஞ்சுது. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல நம்ம தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச இல்லம் தேடிக் கல்வி, தெருவுக்குத் தெரு வாலண்டியர்ஸ் வந்து நின்ன அருமையான திட்டம், அதுவும் ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்த 2016-ல திருத்தினாங்க, 14 வயசுக்குள்ள இருக்குறவங்கள வெளி வேலைக்கு வைக்கவே கூடாதுன்னு வந்துச்சு, ஆனா 14-ல இருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலைக்கு மட்டும்தான் தடை. சிறார் நீதிச் சட்டத்தக் கேட்டா 18 வரைக்கும் குழந்தைங்குது. 2014 தேசிய இளைஞர் கொள்கையப் பாத்தா 15-ல இருந்து 29 வரைக்கும் இளைஞர்ங்குது. அப்ப ஒரே பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒரு சட்டத்துல குழந்தை, ஒரு கொள்கையில இளைஞர், இன்னொரு சட்டத்துல வேலைக்கு வச்சுக்கலாம்ங்கிற ஆளு. எல்லாரும் தொடுறாங்க, ஆனா அந்தப் பொண்ணு நாளைக்கு ஸ்கூலுக்கு வரலைன்னா வீட்டுக் கதவத் தட்ட வேண்டியது யாருன்னு மட்டும் தெளிவா இல்ல.

இந்த எடத்துல நான் சாந்தா சின்ஹா அம்மாவப் பத்திப் பேசியே ஆகணும். ஹைதராபாத் பல்கலைக்கழகத்துல அரசியல் அறிவியல் பேராசிரியரா இருந்தவங்க. எம்.வி. ஃபவுண்டேஷன்னு அவங்க ஆரம்பிச்ச அமைப்பு 1991 வாக்குல ரங்காரெட்டி மாவட்டத்துல கொத்தடிமையா இருந்த பிள்ளைங்கள மீட்டு ஸ்கூல்ல சேக்க ஆரம்பிச்சுது. அப்பல்லாம் வழக்கம் என்னன்னா, வேலைக்குப் போற பிள்ளைக்கு ராத்திரிப் பள்ளி நடத்துறது, பகல்ல மாடு மேய்க்கட்டும் ராத்திரி எழுத்துக் கத்துக்கட்டும்னு. அந்தம்மா அத ஒத்துக்கவே இல்ல. ஸ்கூல்ல இல்லாத எந்தப் பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான், பகல் பள்ளிக்கூடம்தான் பிள்ளையோட எடம், அதுவும் அரசுப் பள்ளிக்கூடம்னு நின்னாங்க. பத்து வயசுப் பிள்ளையக் கொண்டு போய் ஒண்ணாவதுல உக்கார வச்சா கூச்சப்பட்டு ரெண்டு நாள்ல ஓடிடும்ல? அதுக்காக பிரிட்ஜ் கேம்ப் வச்சாங்க, மாசக்கணக்குல அங்கேயே தங்க வச்சுப் படிக்க வச்சு, வயசுக்கேத்த வகுப்புல நேரா சேத்தாங்க. தனியா ஸ்கூல் கட்டல, அரசு வாத்தியார்களையும் பஞ்சாயத்துக்காரங்களையும் கூட நிக்க வச்சாங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் அதுதான். 2003-ல ஆசிய அளவுல பெருசா மதிக்கிற மகசேசே விருது கிடைச்சுது. 2007-ல தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வந்தப்ப முதல் தலைவரே அவங்கதான். இன்னைக்குக் கல்வி உரிமைச் சட்டத்தோட 4-வது பிரிவ எடுத்துப் படிங்க, விட்டுப் போன பிள்ளைய வயசுக்கேத்த வகுப்புல சேக்கணும், அதுக்குத் தனிப் பயிற்சி குடுக்கணும்னு இருக்கும். ஒரு மாவட்டத்துக் கேம்ப்ல செஞ்சு பாத்த யோசனை இன்னைக்கு நாடு முழுக்கப் பிள்ளையோட உரிமையா நிக்குது. நான் தலைமைன்னு நினைக்கிறது இதத்தான், நூறு சென்டர் தொறக்குறத இல்ல.

சரி, பாலிசி மாறுமான்னு சந்தேகமா கேக்குறவங்களுக்கு நம்ம ஊர்லயே ஒண்ணு இருக்கு. மில்லு ஏஜென்ட் வீட்டுக்கு வந்து என்ன சொல்லுவாரு? மூணு வருஷம் இருக்கட்டும்மா, முடிக்கும்போது மொத்தமா ஒரு தொகை வரும், கல்யாணத்துக்கு ஆச்சு. சுமங்கலித் திட்டம்னு அதுக்குப் பேரே வச்சாங்க. அரசாங்கமும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல 1989-ல இருந்து கல்யாணத்துக்குத்தான் உதவி குடுத்துச்சு, படிச்சிருக்கணும்னு கண்டிஷன் உண்டு, பின்னாடி தாலிக்குத் தங்கமும் சேத்தாங்க. பணம் கைக்கு வர்றது ரெண்டு பக்கமும் கல்யாணத்துக்குத்தான். 2022-ல அந்தத் திட்டத்தையே உயர்கல்வி உதவியா மாத்தினாங்க, அதுதான் புதுமைப்பெண், அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் 1000 ரூபா அது அக்கவுண்ட்லயே விழும். பசங்களுக்கு 2024-ல தமிழ்ப் புதல்வன் வந்துச்சு. அந்த ஆயிரம் ரூபாய வச்சு "காலேஜ் போனா மாசாமாசம் வரும்டி"ன்னு ஒரு அம்மா பேசுறத நான் என் காதால கேட்டேன், அந்தத் திண்ணையில முன்ன கேட்டது கல்யாணப் பேச்சு மட்டும்தான்.

ஆனா பாருங்க, அந்தக் காசு ஸ்கூல் முடிச்சு மேல படிக்கப் போனாத்தான் வருது. ஒன்பதாவதுல நின்ன பொண்ணுக்கு அது எட்டாது. நான் முதல்ல சொன்ன பொண்ணு நடுவுல இருக்குற அந்த நாலு வருஷத்துலதான் விழுந்துச்சு. 2020 கல்விக் கொள்கையில 18 வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் படிப்புன்னு எழுதியிருக்கு, அந்தக் கொள்கையில மத்த எதுல நமக்கு மாறுபாடு இருந்தாலும் இந்த ஒண்ணு சட்டமா வரணும், வந்தாத்தான் கோர்ட்டுல போய்க் கேக்க முடியும்.

இன்னொண்ணும் சொல்லணும், பண விஷயம். 2020-ல வெளிநாட்டு நிதிச் சட்டத்தத் திருத்தி, ஒரு நிறுவனம் வாங்குன வெளிநாட்டுப் பணத்த இன்னொரு நிறுவனத்துக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. பெரிய அமைப்ப நம்பி இருந்த கிராமத்துச் சின்ன அமைப்புகளுக்கு அது பெரிய அடி. கம்பெனிக்காரங்க சமூக வேலைக்குன்னு ஒதுக்குற சிஎஸ்ஆர் பணம் வருது, ஆனா ஒரு வருஷ ப்ராஜெக்ட்டா வருது, ஒன்பதாவதுல புடிச்ச பிள்ளைய பன்னெண்டாவது வரைக்கும் கூட்டிட்டுப் போக நாலு வருஷம் வேணும்ல? நிறுவனத் தலைவர்கள் இங்க முன் வரிசையில இருக்கீங்க, உங்கள கெஞ்சிக் கேக்குறேன், அடுத்த ப்ரோபோசல்ல எத்தனை பேருக்கு ட்ரெயினிங் குடுத்தோம்ங்கிற எண்ணிக்கைக்கு முன்னாடி எத்தனை பேரு நாலு வருஷம் கழிச்சும் படிப்புல இருக்காங்கன்னு ஒரு வரி சேருங்க, ஃபண்டு குடுக்குறவங்ககிட்ட அதுக்காகச் சண்ட போடுங்க.

சென்டர் நடத்துறவங்களுக்கு ஒரு வேலை. எட்டாவது முடிச்ச பிள்ளை பேர நோட்டுல இருந்து அடிக்காதீங்க. தெருவாரியா 14-ல இருந்து 18 வரைக்கும் யாரு யாரு, எங்க படிக்கிறாங்க, யாரு நின்னுட்டாங்கன்னு ஒரு பட்டியல் எடுங்க. அத பள்ளி மேலாண்மைக் குழுவுல குடுங்க, கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுல குடுங்க, கிராம சபையில தீர்மானமா வைங்க. ஒரு ஊர் தீர்மானம் போட்டா ஆபீசர் படிச்சிட்டு வச்சிடலாம், ஒரு ஒன்றியம் முழுக்க அதே தீர்மானத்தோட வந்தா கலெக்டர் ஆபீஸ்ல பதில் சொல்லித்தான் ஆகணும். பொண்ணு பேர வெளியில படிச்சு அதக் கூச்சப்பட வைக்காதீங்க, எண்ணிக்கைய மட்டும் சபையில சொல்லுங்க, பேரு குழுவுக்குள்ள இருக்கட்டும்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்குக் கிராம சபை இருக்கு. பட்டியல் எடுக்குறதுக்கு ஒரு மாதிரி ஃபாரம் வாசல் மேஜையில வச்சிருக்கோம், ஊருக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. இப்ப மைக்க அந்தப் பக்கம் குடுங்க தம்பி, மூணாவது வரிசையில அந்த அக்கா ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்காங்க. சொல்லுங்கக்கா, உங்க ஊர்ல எத்தனை பிள்ளைங்க நின்னிருக்காங்க?