சித்தப்பாவும் அண்ணன் மகனும்

நேயர்களுக்கு வணக்கம். பத்துப் பன்னிரண்டு குதிரைகள் ஓடும் பந்தயத்தில் தோற்றவனுக்குச் சாக்குச் சொல்ல நிறைய இருக்கும். வழி மறித்தார்கள், நடுவில் மாட்டிக்கொண்டேன் என்று எதையாவது சொல்லலாம். இரண்டே குதிரைகள் ஓடினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மேட்ச் ரேஸ் என்பது அதுதான்.

1938 நவம்பர் 1, அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் பிம்லிகோ மைதானம். ஒரு பக்கம் வார் அட்மிரல். முந்தைய ஆண்டு டிரிபிள் கிரவுன், அதாவது அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற குதிரை, பெரும் புகழ்பெற்ற மேன் ஓ வாரின் மகன். மறுபக்கம் சீபிஸ்கட். முதல் 17 பந்தயங்களில் ஒன்றில்கூட ஜெயிக்காத குள்ளக் குதிரை. ஆனால் இதன் தகப்பன் ஹார்ட் டாக்கும் மேன் ஓ வாரின் மகன்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், வார் அட்மிரல் சீபிஸ்கட்டுக்குச் சித்தப்பா முறை! அதிலும் சித்தப்பா ஒரு வயது இளையவர்.

பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் சித்தப்பா பக்கம்தான். காரணம் இருந்தது. மேட்ச் ரேஸில் முதலில் பாய்கிற குதிரைக்கே வாய்ப்பு அதிகம். வார் அட்மிரல் பாய்ச்சலுக்குப் பேர்போனது. சீபிஸ்கட்டோ பின்னால் வந்து பிடிக்கிற ரகம். வார் அட்மிரலுக்குப் புறப்படும் கூண்டு ஆகாது என்பதால் கூண்டே வேண்டாம், இரண்டும் நடந்து வந்து மணி அடித்ததும் ஓடட்டும் என்று முடிவானது.

மணி என்றதும் சீபிஸ்கட்டின் பயிற்சியாளர் டாம் ஸ்மித் பிடித்துக்கொண்டார். வாய் திறந்து பேசாத மனிதர். தினமும் மணி அடிப்பார், அடித்த அதே நொடியில் குதிரைக்குச் சவுக்கால் ஒரு தட்டு. மணிச் சத்தம் கேட்டாலே உடம்பு முன்னால் பாயும் அளவுக்குப் பழக்கிவிட்டார்.

வழக்கமான ஜாக்கி ரெட் பொல்லார்டுக்குக் கால் முறிந்துவிட்டதால் அவருடைய நண்பர் ஜார்ஜ் வுல்ஃப் ஏறினார். பொல்லார்டு அவருக்கு ஒரு விசித்திரமான யோசனை சொன்னார்: முன்னால் போனதும் வேகத்தைக் குறை, வார் அட்மிரல் பக்கத்தில் வரட்டும். எதிரியைக் கண்ணோடு கண் பார்த்துவிட்டால் நம் குதிரைக்கு ரோஷம் வந்துவிடும்.

இருமுறை புறப்பாடு சரியாக அமையவில்லை. மூன்றாம் முறை மணி அடித்தது. பின்னால் வந்து பிடிக்கிற குதிரை என்றார்களே, அது முதலில் பாய்ந்து உள்வேலியோரத்தைப் பிடித்துக்கொண்டது. எதிர்ப்புற நேர்பாதையில், பொல்லார்டு சொன்னபடியே வுல்ஃப் விட்டுக்கொடுத்தார். வார் அட்மிரல் பக்கத்தில் வந்தது, தலைக்குத் தலை சமமாக ஓடின. அப்புறம் கடைசி நேர்பாதையில் சீபிஸ்கட் பிய்த்துக்கொண்டு போய் நான்கு குதிரை நீளத்தில் ஜெயித்தது. 1 நிமிடம் 56.6 விநாடி, பிம்லிகோவில் அந்தப் பந்தயத் தூரத்துக்குப் புதிய சாதனை.

வானொலிக்காரன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. வர்ணனையாளர் கிளெம் மெக்கார்த்தி கூட்ட நெரிசலில் தன் அறைக்குத் திரும்ப முடியாமல், வேலியோரம் நின்றபடியே வர்ணித்தார். அதைக் கேட்டவர்கள் சுமார் 4 கோடிப் பேர் என்பார்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டும் அதில் ஒருவர்.

எல்லா மேட்ச் ரேஸும் இப்படி முடிந்துவிடவில்லை. 1975 ஜூலை 6, நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க். ஓடிய பத்திலும் ஜெயித்திருந்த பெண்குதிரை ரஃபியனும், அந்த ஆண்டு கென்டக்கி டெர்பி என்ற பெரிய பந்தயத்தை வென்ற ஃபூலிஷ் பிளெஷரும் மோதின. இரண்டுக்குமே ஜாக்கியாக இருந்த ஹசின்டோ வாஸ்கெஸ், ரஃபியனைத் தேர்ந்தெடுத்தார். அது சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தபோது முன்னங்கால் எலும்பு நொறுங்கியது. வாஸ்கெஸ் நிறுத்தப் பார்க்கிறார், அதுவோ முறிந்த காலோடு ஓடுகிறது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் இன்னும் பந்தயத்தில் ஓடுவதாக நினைத்ததோ என்னவோ, கால்களை உதறி உதறி மாவுக்கட்டை உடைத்துக்கொண்டது. கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பெல்மான்ட் மைதானத்துக்குள்ளேயே, முகம் வெற்றிக்கோட்டைப் பார்க்கும்படி புதைத்தார்கள்.