மீன் விருந்தில் ஒரு கேள்வி, பதில் வர 17 ஆண்டுகள்

[திரையில்: நீளமான மேசைகள், தட்டுகளில் வறுத்த மீன்]

1987-ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டொலிடோ நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர் விருந்து. தொகுதி எம்.பி. மார்சி காப்டரும் வந்திருக்கிறார். ரோஜர் டர்பின் என்ற முன்னாள் படைவீரர் அவரிடம் கேட்கிறார்: இரண்டாம் உலகப் போருக்கு வாஷிங்டனில் ஏன் ஒரு நினைவுச்சின்னம் இல்லை?

இருக்கிறதே என்று காப்டர் இவோ ஜிமா சிலையைச் சொல்கிறார். இவோ ஜிமா, அந்தப் போரில் அமெரிக்கப் படை சண்டையிட்ட ஜப்பானியத் தீவு. ஆறு பேர் சேர்ந்து கொடிக்கம்பத்தை நிமிர்த்துகிற அந்தச் சிலை. அது மரீன் படைக்கு, அதாவது கடல்வழி வந்து கரையிறங்கிச் சண்டையிடும் படைக்கு மட்டும்தானே என்கிறார் டர்பின். அவர் தரைப்படைக்காரர். 1944 டிசம்பரில் ஐரோப்பாவில் ஜெர்மானியப் படையோடு தொடங்கிய பல்ஜ் சண்டையில் இருந்தவர். ஊர் திரும்பி, தபால்காரராக வேலை பார்த்தவர்.

விசாரித்தால், அவர் சொன்னது சரி. வியட்நாம் போருக்கு 1982-லேயே சுவர் எழுப்பியாகிவிட்டது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைக் கொன்ற போருக்குத் தலைநகரில் ஒட்டுமொத்தமாக ஒரு கல்கூட இல்லை.

இதைச் சரிசெய்ய ஏன் 17 ஆண்டுகள் ஆயின? அதற்கு, ஒரு நாடாளுமன்றம் 'நினைவுகூர்கிறோம்' என்று சொல்ல எத்தனை விதமான காகிதங்களை வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

[திரையில்: வாஷிங்டன், நாடாளுமன்றக் கட்டடம்]

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ். நம்மூர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் இரண்டு அவைகள்: பிரதிநிதிகள் சபை, செனட்.

இருப்பதிலேயே சுலபமான காகிதம், தீர்மானம். நம் சட்டமன்றத்தில் இரங்கல் தீர்மானம் வாசித்ததும் எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்பார்கள். அங்கே தீர்மானம் எழுத்தில் நீளும். ஒவ்வொரு பத்தியும் 'வேர்ஆஸ்' என்ற சொல்லில் தொடங்கும். நம் பத்திர எழுத்தர் மொழியில் சொன்னால், 'என்பதனாலும்'. இவோ ஜிமாவுக்கு ஒன்று எழுதினால் இப்படிப் போகும்: 1945 பிப்ரவரி 19-ஆம் தேதி படைகள் கரையிறங்கின என்பதனாலும், சண்டை 36 நாள் நீடித்தது என்பதனாலும், ஏறக்குறைய 7,000 அமெரிக்கர்கள் உயிரிழந்தார்கள் என்பதனாலும்... கடைசியில்தான், ஆகவே இந்த அவை அவர்களுக்கு மரியாதை செலுத்துகிறது என்ற ஒரே வரி.

ஓர் அவை மட்டும் நிறைவேற்றினால் அது தனித் தீர்மானம். இரண்டு அவைகளும் ஒத்துக்கொண்டால் பொதுத் தீர்மானம். இரண்டுமே சட்டம் கிடையாது. அதிபரின் மேசைக்கும் போவதில்லை. மூன்றாவதாகக் கூட்டுத் தீர்மானம். இதற்கு அதிபர் கையெழுத்து வேண்டும், போட்டால் சட்டம். செனட்டில் தனித் தீர்மானங்கள் பெரும்பாலும் 'யாருக்காவது ஆட்சேபம் உண்டா' என்று கேட்ட மறுநொடியே நிறைவேறிவிடும்.

சரி, செலவில்லாத வேலைதானே, அடிக்கடி செய்யலாமே? செய்தார்கள். அளவுக்கு மீறிச் செய்தார்கள். 1980-களின் நடுவில் காங்கிரஸ் இயற்றிய சட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'இன்ன நாள்', 'இன்ன வாரம்' என்று அறிவிக்கிற ரகம். 1995-இல் பிரதிநிதிகள் சபை கதவைச் சாத்தியது: ஒரு நாளையோ வாரத்தையோ நினைவுக்காகக் குறிக்கும் மசோதாவை இனி இங்கே கொண்டுவரக் கூடாது. உடனே சந்து கண்டுபிடித்தார்கள். நாளை அறிவிப்பதில்லை, 'ஆண்டு நிறைவை அங்கீகரிக்கிறோம்' என்று எழுதுகிறார்கள். இதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு தீர்மானத்தைக் கையில் வாங்கும் குடும்பத்துக்கு, அது எந்த ரகக் காகிதம் என்று தெரிந்திருப்பது நல்லது.

தொகுதியில் ஒரு வீரர் இறந்துபோனால், அவரைப் பற்றிய பேச்சை அவைக்குறிப்பில் ஏற்றுவதும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை: அவையில் வாய் திறந்து பேசாத பேச்சுக்கும் அந்தப் புத்தகத்தில் தனிப் பகுதி இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் போதும், அச்சாகிவிடும்.

[திரையில்: தங்கப் பதக்கம், இரு பக்கமும்]

அடுத்தது கனமானது. காங்கிரஸ் தங்கப் பதக்கம். முதல் பதக்கம் 1776-இல், பாஸ்டனிலிருந்து பிரிட்டிஷ் படையை வெளியேற்றியதற்காக ஜார்ஜ் வாஷிங்டனுக்கு. போர்க்களத்தில் ஒருவர் காட்டிய வீரத்துக்குத் தரும் மெடல் ஆஃப் ஹானர் வேறு, இது வேறு. இதற்குத் தனிச் சட்டமே வேண்டும். அதற்கு முன்னால் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் 290 பேர், செனட்டில் 67 பேர் பெயர் கொடுக்க வேண்டும். ஆள் ஆளாகப் போய்க் கேட்டு வாங்குகிற வேலை.

அப்படி வந்த ஒன்று, ஜப்பானிய வம்சாவளி வீரர்களுக்கான பதக்கம். இரண்டாம் உலகப் போரில் இவர்களில் பலருடைய பெற்றோரை அமெரிக்க அரசே முகாம்களில் அடைத்து வைத்திருந்தது. பிள்ளைகள் அதே அரசின் சீருடையில் இத்தாலியிலும் பிரான்சிலும் சண்டை போட்டார்கள். பதக்கத்துக்கான சட்டம் வந்தது 2010-இல். வழங்கும் விழா 2011 நவம்பரில். அன்றைய செனட்டர்களில் ஒருவரான டேனியல் இனோயே அந்தப் படையில் இருந்தவர். 1945 ஏப்ரலில் இத்தாலியில் வலது கையை இழந்தவர். சபை தன் உறுப்பினர் ஒருவரின் படைக்கே மரியாதை செய்தது, 66 ஆண்டுகள் கழித்து. எத்தனை ஆயிரம் பேர் என்றாலும் தங்கத்தில் ஒரே ஒரு பதக்கம்தான். அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது.

தாமதம் விதி அல்ல. 2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் குண்டுவெடிப்பில் இறந்த 13 அமெரிக்கப் படைவீரர்களுக்கு அதே ஆண்டு டிசம்பரில் சட்டம் வந்துவிட்டது.

அப்புறம் எனக்குப் பிடித்தது: தபால் நிலையம். இறந்த வீரரின் பெயரைச் சொந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு வைக்க, இரண்டு அவைகளும் அதிபரும் சேர்ந்து ஒரு முழுச் சட்டம் இயற்ற வேண்டும். வைத்த பிறகு? முகவரி மாறாது, பின்கோடு மாறாது. உள்ளே சுவரில் ஒரு பட்டயம் வரும். காங்கிரஸ் நேரத்தை வீணாக்குகிறது என்று இதைக் கிண்டல் செய்வார்கள். ஸ்டாம்ப் வாங்க வரிசையில் நிற்கிற ஊர்க்காரர் அந்தப் பெயரைப் படிப்பார், 'இவன் நம்ம தெருப் பையன்' என்பார். வாஷிங்டனில் இருக்கிற எந்தப் பளிங்குக்கும் அது வராது.

[திரையில்: தேசிய மைதானம், வானிலிருந்து]

இப்போது டர்பினிடம் திரும்புவோம். அவர் கேட்டது இருப்பதிலேயே கடினமானது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தலைநகரின் அரசு நிலத்தில் நினைவுச்சின்னம் வைக்க காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். கட்டுமானப் பணம் முழுவதும் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல், கட்டுமானச் செலவில் 10 சதவீத அளவுக்குப் பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டும்.

காப்டர் 1987 டிசம்பரில் மசோதா கொண்டுவந்தார். ஒரு காங்கிரஸின் ஆயுள் இரண்டு ஆண்டு. அதற்குள் நிறைவேறாத மசோதா செத்துவிடும். இதுவும் செத்தது. மறுபடி கொண்டுவந்தார், மறுபடி செத்தது. 1993 மே 25 அன்றுதான் அதிபர் கிளின்டன் கையெழுத்துப் போட்டார். அப்புறம் இடத் தகராறு. லிங்கன் நினைவிடத்துக்கும் வாஷிங்டன் தூணுக்கும் நடுவில் கட்டினால் பார்வையை மறைக்கும் என்று வழக்கு. கடைசியில் வழக்குகளைத் தாண்டிக் கட்டச் சொல்லி காங்கிரஸ் 2001-இல் இன்னொரு சட்டம் போட்டது.

[திரையில்: தங்க நட்சத்திரங்கள் பதித்த சுவர், ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் பெரிதாக]

2004 ஏப்ரலில் திறந்தார்கள். சுவரில் 4,048 தங்க நட்சத்திரங்கள். ஒவ்வொன்றும் நூறு பேர். பெயர்கள் கிடையாது. மே 29 அன்று அர்ப்பணிப்பு விழா. வயதான வீரர்கள் சக்கர நாற்காலியிலும் வந்தார்கள். கேள்வி கேட்ட தபால்காரர் அங்கே இல்லை. அவர் 2000-இலேயே இறந்துவிட்டிருந்தார்.