கயிறு கொண்டுபோகும் ரொபோ

வணக்கம் நேயர்களே.

2018 டிசம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நாட்களைப் பற்றி கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கத்துச் சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை. கனகராயன் ஆற்றுக்கு அன்று கரையே இருக்கவில்லை. அந்த வெள்ளத்தைச் சிறுவயதில் கண்ட பிள்ளைகள் சிலர் இப்போது மீட்பு வேலைக்கு ஒரு ரொபோ செய்துகொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ரொபோ என்றால் கையும் காலும் முகமும் வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2011 இல் ஜப்பானின் புகுஷிமா அணுவுலைக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்ட 'குயின்ஸ்' ரொபோவுக்கு முகம் கிடையாது. படியேறச் சங்கிலிப் பட்டிகள் இருந்தன. தடித்த கொங்கிறீற் சுவரை ரேடியோ அலை தாண்டாது என்பதால் தொடர்புக்கு வயரை இழுத்துக்கொண்டே போனது. போகும் இடத்தைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள்.

நம்முடைய பிள்ளைகளும் இடத்தைப் பார்த்தார்கள். வெள்ளத்தில் அந்தரித்து நிற்பவருக்கு முதலில் வேண்டியது ஒரு கயிறு. அதனால் அவர்களுடைய ரொபோ ஒரு சிறு மிதவை: பிவிசி குழாய்ச் சட்டம், நான்கு பிளாஸ்ரிக் கான்கள், இரண்டு மோட்டர், ஒரு பற்றரி. தடித்த கயிற்றை அதில் கட்டினால் நீரோட்டம் கயிற்றைப் பிடித்து மிதவையையும் பக்கவாட்டில் இழுத்துவிடும். ஆகவே மெல்லிய நைலோன் நூலைத்தான் அது கொண்டுபோகிறது. அக்கரையில் நிற்பவர் நூலை இழுத்தால் பின்னால் கயிறு வரும். கப்பல்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். அதை இந்தப் பிள்ளைகள் தேடிப் பிடித்ததில் எனக்குப் பெரிய சந்தோசம்.

சிக்கல் களையில் வந்தது. குளத்தில் விட்டதும் ஆகாயத்தாமரை வேர் மிதவையைத் தள்ளும் விசிறியில் சுற்றி மோட்டர் நின்றுபோனது. விசிறியைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு அடித்தார்கள். வேர் உள்ளே போகவில்லை, ஆனால் கூட்டை மூடிக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லாமல் வேகம் செத்துவிட்டது. இப்போது விசிறியைக் கழற்றிவிட்டு, தகட்டில் துடுப்புச் சக்கரம் வெட்டுகிறார்கள். அன்ரெனா தண்ணீர்மட்டத்தோடு கிடந்தபோது சிக்னல் சீக்கிரமே விட்டுப்போனது. ஒரு தடியில் உயர்த்திக் கட்டியதும் தூரம் கூடியது.

இதெல்லாம் வகுப்பறைச் சீமெந்துத் தரையில் தெரியவராது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து மோட்டருக்கும் பற்றரிக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் பெரிய உதவி. முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர்களுக்கு நீரோட்டமும் முடிச்சும் தெரியும். அவர்கள் ஒருமுறை இந்த மிதவையைப் பார்த்துக் குறை சொல்லவேண்டும். பழைய வாகனங்களின் வைப்பர் மோட்டரை இரும்புக்குப் போடும் கராஜ்காரர்களே, அதைப் பக்கத்துப் பாடசாலையில் கொடுங்கள். மாரி தொடங்குமுன் துடுப்புச் சக்கரத்தை ஓடும் தண்ணீரில் விட்டுப் பார்க்கவேண்டும். பெரியவர்கள் கரையில் நிற்க, பிள்ளைகள் உயிர்காப்பு அங்கியோடு நிற்க, பகல் வெளிச்சத்தில்.

நன்றி, வணக்கம்.